பக்கத்து சைடைப் பார்க்காத நாட்கள்

உங்கள் மில்லிலும் விருப்ப ஓய்வுக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் என்னைப் பார்க்க வந்த இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "செட்டில்மெண்ட் வாங்கிக்கிட்டுப் போயிடலாமா, இருக்கலாமா மேஸ்திரி?" அது அவரவர் வீட்டு நிலைமை. ஆனால் உங்களில் பலர் நாளைக்கு மேஸ்திரி ஆகப்போகிறவர்கள். போகிறவர்கள் போன பிறகு, மிச்சம் இருக்கிறவர்களை வைத்து ஹாலை ஓட்டவேண்டியவர்கள். அந்த வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பு நடுவில் குரும்பகரத்திலிருந்து கிளம்பியவன் நான். நாகப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். லாரி கிளீனராக ஆந்திரா வரை போனேன். பம்பாயில் மூட்டை தூக்கினேன். அங்கே படுக்க இடம் இல்லாததால் நடைபாதையில் படுத்தேன். மழை வந்தால் கடை ஓரம் நின்றுகொண்டே தூங்குவேன், அது பழகிவிடும். கோயம்புத்தூர் மில்களில்தான் நூல் வேலை கற்றேன். எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. கால் அரிக்க ஆரம்பித்தால் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் போன பிறகு அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஊர்ப்பக்கம் திரும்பினேன். கோட்டுச்சேரி தாண்டி ஒரு பெரிய கம்பெனி நூல் மில் கட்டியிருந்தது. வெளியூரில் அந்தக் கம்பெனிக்கு இன்னும் பல மில்கள் இருந்தன. கோயம்புத்தூர் அனுபவம் இருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சில வருடத்தில் நூல் நூற்கும் ஹாலுக்கு மேஸ்திரி ஆனேன். எழுத்து வேலைக்குத் தடுமாறுவேன். ஆனால் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

நம் தொழிலில் உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான், இருந்தாலும் இந்தக் கதைக்கு அதுதான் உயிர் என்பதால் சொல்கிறேன். மெஷினின் ஒரு பக்க வரிசை ஒரு சைடு. ஒருவருக்கு இரண்டு சைடு. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே அந்த வரிசையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒருவன் தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ போனால், பக்கத்து ஆளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு நான்கு சைடையும் பார்த்துக்கொள்வான். இதற்குச் சட்டம் கிடையாது, யாரும் கணக்கு வைப்பதும் கிடையாது. ஹால் ஓடுவது இந்த ஒரு விரலில்தான்.

எங்கள் ஹாலில் இந்த வழக்கத்தை நம்பியே வாழ்ந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கிரிசாமி. போலகத்துக்காரர். பஞ்சுத் தூசியில் மூச்சிழுப்பு வந்துவிட்டது. இழை அறாமல் இருக்க ஹாலுக்குள் ஈரம் வேண்டும் என்று ஜன்னலை எல்லாம் மூடித்தான் வைத்திருப்போம். அதனால் அவ்வப்போது அவர் வெளியே போய், சுவரோரம் இருக்கும் பூவரச மரத்தடியில் கடல் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். நின்றுவிட்டு வந்தால் மறுபடி நன்றாக வேலை செய்வார். வேலையை விடவும் முடியாது. வேலை இருந்தால்தான் இ.எஸ்.ஐ. அட்டை, அட்டை இருந்தால்தான் ஊசியும் மருந்தும். நோயைக் கொடுத்ததும் மில்தான், மருந்தைக் கொடுத்ததும் மில்தான்.

இன்னொருவர் பக்கத்து சைடு மைதீன் பாய். பக்கிரி விரலைத் தூக்கினால் பாய் தலையாட்டுவார். பாய் மத்தியானத் தொழுகைக்குப் போகும்போது பக்கிரி தலையாட்டுவார். அத்தனை வருடமும் அப்படித்தான் ஓடியது.

"ஒருத்தன் மூச்சுக்குப் போறான், ஒருத்தன் தொழுகைக்குப் போறான், இந்த மில்லு அல்லா புண்ணியத்துல ஓடுது" என்பார் பாய்.

"ஏன், எங்க மாரியம்மா சும்மாவா இருக்கா?" என்பார் பக்கிரி.

"அவளையும் ஒரு சைடு பாக்கச் சொல்லுடா. ஆளு பத்தல."

எண்பதுகளில் கம்பெனி புது மெஷின்கள் கொஞ்சம் இறக்கியது. அதோடு விருப்ப ஓய்வு நோட்டீஸும் வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போட்டால் மொத்தமாகப் பணம். எங்கள் சங்கத் தலைவர், வாசலில் நின்று இதை எதிர்த்து ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு யார் யாரைத் தடுக்க முடியும்? ஹாலில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போய்விட்டார்கள்.

போனவர்களில் லூர்துவும் ஒருவன். எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டது. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அண்ணன் பாரிஸில். லூர்துவும் அங்கே போகப்போகிறான் என்று ஊரே சொன்னது, அவனும் சொன்னான். ஆனால் தினமும் ஷிப்டு மாறும் நேரம் மில் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பான்.

"என்னடா, பாரிஸ் பிளேன் இங்கேர்ந்துதான் கிளம்புதா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க மேஸ்திரி. சங்கு ஊதினா கால் தன்னால வந்துடுது. வீட்டுல இருந்தா அப்பா ராணுவக் கதை சொல்றாரு. அதுக்கு இந்தச் சங்கே தேவலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

வெளியே நின்றவன் இப்படி. உள்ளே இருந்தவர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். வேலை தப்பிய சந்தோஷம் இருக்கும், இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். மானேஜரும் அப்படித்தான் நினைத்தார். அவர் சென்னையிலிருந்து வந்தவர், சின்ன வயது, கெட்டவர் இல்லை. ஆட்கள் குறைந்த பிறகு எந்த இடத்தில் எத்தனை பேர் வேண்டும் என்று பார்ப்பதற்காக, தினமும் ஹாலுக்கு வந்து மெஷின் சந்தின் முனையில் கைகட்டி நின்று கவனிப்பார். ஒன்றும் பேசமாட்டார். அப்படிப் பேசாமல் நின்றதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஹால் மாறிவிட்டது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். கேலி நின்றுபோனது. நூல் கழிவு கூடிக்கொண்டே போனது. பார்த்தால், ஒருவன் வெளியே போனால் அவன் சைடில் இழைகள் அறுந்து கிடக்கின்றன, பக்கத்து ஆள் தன் சைடை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தலையைத் திருப்புவதுகூட இல்லை. விரல் தூக்குவதையே விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. போனவர்களுக்குப் பணம் கிடைத்ததே என்று வயிற்றெரிச்சல், அதை வேலையில் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஷிப்டு தொடங்கும்போது எல்லோரையும் நிறுத்திவைத்துச் சத்தம் போட்டேன். "கூட நிக்கிறவனுக்கு ஒரு கை கொடுக்காதவன் என்ன மனுஷன்?" என்று கேட்டேன். பக்கிரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மைதீன் பாய் என்னோடு பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார்.

"மேஸ்திரி, நீங்க காலையில பேசினது எனக்கு ரொம்ப வருத்தம்."

"நீங்களும்தான பாய் சும்மா நிக்கிறீங்க. அதுவும் பக்கிரி சைடுல. அந்த ஆளு வெளிய போகவே பயந்துகிட்டு மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியிறதாலதான் நிக்கிறேன்." அவர் நடந்துகொண்டே சொன்னார். "நான் நாலு சைடும் பாக்கறதை அந்த மானேஜர் பாத்தாருன்னா என்ன நினைப்பாரு? ஒரு ஆளே நாலு சைடு ஓட்டுறான், பக்கத்துல இன்னொருத்தன் எதுக்குன்னு நினைப்பாரு. அடுத்த தடவை நோட்டீஸு வரும்போது யாரு போவணும்? பக்கிரி போவணும். என் கையால அவன் வேலைய நான் பறிக்கணுமா? இதை நாங்க எல்லாருமே பேசிக்கிட்டோம். யாரும் யாரு சைடையும் தொடுறதில்லை. தொட்டா அவனை நாமளே அனுப்புனமாதிரி."

நான் நின்றுவிட்டேன்.

"பக்கிரிக்குத் தெரியுமா?"

"அவனும்தான் ஒத்துக்கிட்டான். என் சைடை அவன் தொடுறதில்ல. மத்தியானத் தொழுகை தவறிப்போவுது, அதை வீட்டுக்கு வந்து பின்னால களாவா தொழுது ஈடுகட்டிக்கிறேன். எனக்கு அது பரவால்ல. அவன் மூச்சைக் களா பண்ண முடியாதே மேஸ்திரி."

தம்பிகளே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் பொறாமை என்று நினைத்தது பொறாமை இல்லை. ஒருவனைக் காப்பாற்றுவதற்காக அவனுக்கு உதவாமல் நிற்கிறார்கள். அந்தக் காப்பாற்றுதல்தான் பக்கிரியைக் கொன்றுகொண்டிருக்கிறது. எல்லோருக்கும் இது தெரிகிறது. யாராலும் முதலில் விட முடியவில்லை.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மானேஜரிடம் சொன்னால் பக்கிரியின் நோய் வெளியே வரும். நோயாளி என்று முதலில் அவரைத்தான் அனுப்புவார்கள். பாயைச் செய்யச் சொல்லி உத்தரவு போட்டால், அவர் எதற்குப் பயந்தாரோ அதை நானே நடத்திவைத்ததாகும். இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தேன். எனக்குப் பழக்கமான மூன்றாவது வழி ஒன்று இருந்தது. தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். தூத்துக்குடிப் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி.

பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்க, ஒரு மத்தியானம் தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான நடை. புது மெஷின்களைப் பார்க்க வந்தவர். மானேஜர் அவரை ஒவ்வொரு சந்தாகக் கூட்டிவந்தார். நான் பின்னால் போனேன். எல்லா ஆட்களும் சிலை மாதிரி அவரவர் சைடில் விறைப்பாக நின்று வேலை செய்தார்கள்.

பக்கிரியின் சந்துக்கு நாங்கள் திரும்பினபோது அவர் அங்கே நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் என் கண் முன்னாலேயே மெல்லச் சாய்ந்து மெஷினோடு ஒட்டிக்கொண்டார். முகத்தில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தது. அவர் சைடு முழுக்க இழைகள் அறுந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அடுத்த சந்தில் மைதீன் பாய். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மானேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அவருக்கு அப்பால் இருந்தவர்கள் எல்லாம் பாயைப் பார்க்கிறார்கள். பாய் அசைந்தால் அவர்களும் அசைவார்கள். பாய் அசையவில்லை.

"பாய், வாங்க!" என்று நான் கத்தியிருக்கலாம். வந்திருப்பார். நான்கு சைடையும் ஓட்டிக்காட்டியிருப்பார், தலைமை ஆபீஸ்காரர் கண் முன்னாலேயே. நானே பக்கிரியைத் தூக்கியிருக்கலாம்; அப்போது எல்லோரும் கைகட்டி நின்று பார்த்தவர்கள் ஆவார்கள், அந்த வெட்கத்திலிருந்து அந்த ஹால் எழுந்தே இருக்காது. இதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போது வருவது. அன்றைக்கு அந்த நேரத்தில் என் தலையில் இருந்தது ஒன்றுதான். மெஷின் ஓடுகிறவரைக்கும் இவர்கள் நகரமாட்டார்கள். அப்படியானால் மெஷின் ஓடக்கூடாது.

மெஷின்கள் எல்லாவற்றுக்குமான மெயின் சுவிட்ச் சுவரில், என் கைக்கெட்டும் தூரம். இழுத்துவிட்டேன்.

ஒரு மெஷினுக்கு இல்லை, மொத்த ஹாலுக்கும். மொத்தத்தையும் ஒரே அடியாக நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது பாதி இழை அறும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த மேஸ்திரியும் செய்யத் துணியாத வேலை. சத்தம் மெதுவாக இறங்கி இறங்கி நின்றது. அந்த ஹால் பகலில் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

அந்த அமைதியில் பக்கிரியின் மூச்சு கேட்டது. துருப்பிடித்த கீல் மாதிரி, இழுத்து இழுத்து. இத்தனை வருடமும் மெஷின் சத்தத்தில் அமுங்கியிருந்தது. அவர் மூச்சிழுப்புக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. ஹாலின் கடைசி மூலையில் இருந்தவனுக்கும் அன்று கேட்டது.

மைதீன் பாய்தான் முதலில் ஓடினார். "யா அல்லா, என் தம்பியைத் தூக்குங்கடா!" பிறகு எத்தனை பேர் ஓடினார்கள் என்று தெரியாது. பூவரச மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பின்னால் ஓடி மானேஜரிடம் கார் கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன் பெரியவர், "என் காரை எடுத்துக்க" என்றார்.

பக்கிரியைக் காரில் ஏற்றினோம், கூட ஒருவர் போகவேண்டும். ஷிப்டு நேரத்தில் பாஸ் இல்லாமல் தொழிலாளி யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. காவலாளி அதைச் சொல்லிக்கொண்டு நின்றார். ஷிப்டு மாறும் முன்னாலேயே வந்துவிட்ட லூர்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து காரில் ஏறிப் பக்கிரியை மடியில் சாய்த்துக்கொண்டான்.

"எனக்குத்தான் பாஸ் வேணாமே, மேஸ்திரி. செட்டில்மெண்ட் வாங்கினதுக்கு இது ஒண்ணாவது உபயோகம்" என்றான். கார் போய்விட்டது.

திரும்பி ஹாலுக்குள் வந்தேன். எல்லோரும் நின்ற மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் மேலே எரிகிற விளக்குகளைப் பார்த்துவிட்டு, "கரண்ட் போகலையே?" என்றார்.

"இல்லைங்க சார். நான்தான் நிறுத்தினேன்."

மானேஜர் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு என்ன பைத்தியமா? ஒரு ஆளுக்கு முடியலைன்னா அந்த மெஷினை நிறுத்தணும். பக்கத்து ஆளைப் பார்க்கச் சொல்லணும். மொத்த ஹாலையும் நிறுத்துவாங்களா?"

"பக்கத்து ஆளு பாக்கமாட்டாருங்க சார்."

"ஏன்?"

அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாய் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? நோய் எல்லோர் கண் முன்னாலும் விழுந்துவிட்டது. சொன்னேன். விரல் தூக்குவது, தலையாட்டுவது, மானேஜர் சந்து முனையில் வந்து நிற்க ஆரம்பித்ததும் அதை விட்டது, எல்லாவற்றையும். "கூட நிக்கிறவன் வேலை போயிடக்கூடாதுன்னு கூட நிக்கிறவனுக்கே உதவாம நிக்கிறாங்க சார். இவங்க சோம்பேறி இல்லை."

பெரியவர் பாயைப் பார்த்தார். பிறகு நான் பயந்திருந்த கேள்வியையே கேட்டார். "அப்போ இந்த பாய் ஒருத்தரே நாலு சைடும் பாத்துக்க முடியும்கறீங்க?"

நான் முன்னால் வந்தேன்.

"கொஞ்ச நேரம் முடியும் சார். நான் பம்பாயில மூட்டை தூக்கினவன். இப்பவும் ஒரு மூட்டையை எடுத்து இங்கேர்ந்து கேட் வரைக்கும் கொண்டுபோய்ப் போடுவேன். அதைப் பாத்துட்டு, இவன் நாகூர் வரைக்கும் தூக்குவான்னு முடிவு பண்ணிடலாங்களா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியவர் உதட்டிலும் ஏதோ அசைந்தது. நான் விடவில்லை. இப்போது நிறுத்தினால் இனி ஒருநாளும் பேச முடியாது என்று தெரிந்தது.

"நீங்க ஆள் குறைக்கிறதை நான் தப்புன்னு சொல்லலை சார். இன்னும் உண்டா, இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க. உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னாவது சொல்லுங்க. இவங்க தினமும் இந்த சார் முகத்தைப் பாத்துப் பாத்து அதைக் கண்டுபிடிக்கப் பாக்குறாங்க."

மானேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கே தெரியாதுய்யா" என்றார். குரலில் அதிகாரமே இல்லை. அவரும் அவருக்கு மேலே இருக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

பெரியவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான். இனி யாரையும் கேக்கப்போறதில்லை. அடுத்த வருஷம் என்னன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடி உங்களை நிக்கவெச்சு நேர்ல சொல்லுவோம்." திரும்பி மானேஜரிடம் மெதுவாக, "பக்கத்து ஆளைப் பாத்துக்கறது அவங்க வழக்கம். அதை ஆள் கணக்குல சேக்காதீங்க" என்றார்.

பெரிய வாக்குறுதி ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா. ஒரு வருடம். அதற்கே ஹாலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின்களைக் கிளப்பினோம். நினைத்தமாதிரியே பாதி இழை அறுந்தது. சொல்லாமலே ஒருவர் சைடில் ஒருவர் புகுந்து ஒட்டினார்கள். அவ்வளவு வேகமாக அந்த ஹால் ஒட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஷிப்டு முடிந்து நாங்கள் மொத்தப் பேரும் கேட்டுக்கு வந்தபோது லூர்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மூச்சு வந்துடுச்சு மேஸ்திரி. ஊசி போட்டு, சிலிண்டர் வெச்சாங்க. கண்ணைத் திறந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'என் சைடை யாரு பாக்குறா?'"

மைதீன் பாய் அங்கேயே, ரோட்டோரத்தில், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்று நினைக்கும்படியான சிரிப்பு.

"நீ என்னடா சொன்னே?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? நான்தான் வெளியாளாச்சே. 'மாரியம்மா பாத்துக்குறா'ன்னு சொல்லிட்டேன்."

எனக்கு மெமோ வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலை நிறுத்தினதற்கு விளக்கம் கேட்டு. மானேஜரே அதை எழுதினார், பதிலையும் எனக்கு அவரே எழுதிக்கொடுத்தார். எழுத்து எனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அதோடு அது முடிந்தது. பல மாதம் கழித்து லூர்து உண்மையாகவே பிரான்சுக்குப் போனான். அங்கே சங்கு ஊதுவதில்லையாம். அதனால் தினமும் வேலைக்குத் தாமதம் என்று கடிதம் போட்டான்.

பக்கிரி மறுபடி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கும் பாக்கிங் அறையில் அவருக்கு இடம் கேட்டிருந்தேன். கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் பழைய சைடுதான். இளைத்திருந்தார். வேலையை ஆரம்பித்தார். மானேஜர் வழக்கம்போல் வந்து சந்து முனையில் நின்றார். நல்லவர்களுக்கும் பழக்கம் சீக்கிரம் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கிரிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. அவர் மானேஜரைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொள்ளப் போனார்.

"டேய் பக்கிரி!" மைதீன் பாய் குரல் அத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "விரலைத் தூக்குடா! கை ஒடிஞ்சா போச்சு?"

பக்கிரி நின்றார். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் மானேஜர் என்ன செய்யப்போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை அண்ணாந்து, மேலே ஓடுகிற விசிறியை ஏதோ பழுது பார்க்கிறவர்போல உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கிரி ஒரு விரலைத் தூக்கினார். பாய் தலையாட்டினார்.

பூவரச மரத்தடியில் அவர் நிற்பது கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. கடலைப் பார்த்து நின்று, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினார். திரும்பி வந்ததும் தன் சைடுக்குப் போகவில்லை. நேராகப் பாயிடம் போனார்.

"தொழுகைக்கு நேரமாச்சு. நீ போயிட்டு வா பாய். நான் பாக்குறேன்."

பாய் என்னைப் பார்த்தார். நானும் விசிறியைப் பார்த்தேன்.

உங்கள் மில்லில் நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு, ஹால் அமைதியாக ஒழுங்காக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். யாராவது விரலைத் தூக்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மேலே இருப்பவரை அழைத்துவந்து, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு அவர்களிடம் நேரில் சொல்லச் செய்யுங்கள். அதற்காக நீங்கள் மெயின் சுவிட்சை இழுக்கும் நிலைமை வரக்கூடாது. வந்தால் இழுங்கள். மெமோவுக்குப் பதில் எழுதிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள்.

என் தகரப் பெட்டியில் இப்போது பேரப்பிள்ளைகள் பழைய துணி போட்டு வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்கு நான் போகவே இல்லை.